பணிய பீலியில் சிவப்புக் குறி

பணிய லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து தேயிலை மலைக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். தோளில் ஐஸ் பெட்டி, அதற்குள் பீலியில் பிடித்த ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய போத்தல்கள். புசல்லாவை வீதியில் எங்கள் வான் வண்டி நின்றது. மழை இல்லை, அட்டைக் கடியும் இல்லை, முழுக்க இறக்கம்தான். ஆனாலும் கால் எடுத்து வைப்பது கஷ்டமாக இருந்தது. பின்னால் லயத்து வாசலில் ஏழெட்டுப் பேர் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடப் "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை. தோட்டத்து ஆட்கள் கடன் கேட்டு வந்தவனைக்கூட அந்த வார்த்தை சொல்லித்தான் அனுப்புவார்கள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெற்று இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கண்டிக்குப் பக்கத்தில் ஒரு நீர் ஆய்வு நிலையத்தில் கள உதவியாளனாக இருந்தேன். இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள் ஊற்றுகளில் சின்னக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். தண்ணீரின் சூடு, கலங்கல், உப்பு எல்லாம் அதுவே அளந்து ஃபோனுக்கு அனுப்பிவிடுகிறது. மலை ஏறத் தேவையில்லை. நிலையத்தின் ஆண்டு மலருக்குப் பழைய கள அனுபவம் ஒன்று எழுதித் தாருங்கள் என்று அவர்கள் கேட்டபோது, அட்டை கடித்த கதை, வான் சறுக்கிய கதை என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு அந்தக் கருவியைப் பார்த்ததும் ஒன்றுதான் தோன்றியது. அதற்கு யாரும் குடிக்கத் தண்ணீர் நீட்ட மாட்டார்கள். அதனால் அது யாரையும் அவமானப்படுத்தாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா அந்தத் தோட்டத்தில் வாசக்கூட்டி. லயத்து வாசல் கூட்டுவது, கான் என்ற சாக்கடை வாய்க்காலைத் துப்பரவு செய்வது, கக்கூஸ் குழி அள்ளுவது அவர் வேலை. அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலோடு நிற்பார். ஆரம்பத்தில் அவருக்குத் தேத்தண்ணி சிரட்டையில் வந்ததாம். எனக்கு விவரம் தெரிந்தபோது தகரக் கோப்பையாகியிருந்தது. அதை முன்னேற்றம் என்று அப்பா சொல்வார். சிரிக்கத்தான் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து கிளம்பியவன் பல இடம் அலைந்தேன். கொழும்பில் பலசரக்குக் கடை, பதுளையில் சாப்பாட்டுக் கடை, புத்தளத்தில் உப்பளம், நாவலப்பிட்டி ஸ்டேஷனில் வடைக் கூடை, பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை. பசித்தும் கிடந்திருக்கிறேன், கடை வாசலில் தூங்கியும் இருக்கிறேன். அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை, அந்த வயதில் எல்லாருக்கும் நடப்பதுதான். ஓரிடத்தில் பழகிய ஆட்கள் என் ஊர், குடும்பம் பற்றி விசாரிக்கத் தொடங்கினால் எனக்கு அந்த வேலை பிடிக்காமல் போய்விடும். அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன்.

ஹார்ட்வெயார் கடையிலிருந்து ஆய்வு நிலையத்துக்கு பைப் இறக்கப் போன நாளில், போத்தல் கழுவ ஆள் தேவை என்று சொன்னார்கள். அன்றே ஒட்டிக்கொண்டேன். ஆய்வுகூடத்தில் எல்லாரும் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். யாரும் யாருடைய அப்பாவைப் பற்றியும் கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே தங்கினேன் என்று சொல்லலாம். ஆனாலும் சம்பளம் கையில் வாங்கும்போதெல்லாம் எங்கள் வான் டிரைவர் சுனில், "ராசு அய்யே, இந்த மாசம் போறதா, அடுத்த மாசம் போறதா?" என்று கேட்பான். சிங்களவன், அய்யே என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்; தமிழை எங்களோடு திரிந்தே படித்துக்கொண்டவன். அவன் கேட்டதில் தப்பு இல்லை. நான் எப்போதும் போகத் தயாராகத்தான் இருந்தேன்.

எங்கள் தலைமை ஆய்வாளரை டொக்டர் என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்துப் பெண். வெளிநாட்டில் படித்து வந்தவர். மெலிந்த உடம்பு, அகலமான ஓலைத் தொப்பி, ஆண்கள் போடும் ரப்பர் சப்பாத்து. சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. நாவலப்பிட்டிப் பக்கம் ஓர் ஓடையில் நான் முதன்முதல் மாதிரி எடுத்தபோது போத்தல் மூடியைக் கழற்றிப் பக்கத்துக் கல்லில் வைத்தேன். அவர் நான் நிரப்பிக் கொடுத்த போத்தலை வாங்கி, தண்ணீரைப் புல்லில் ஊற்றிவிட்டு, புதிய போத்தல் ஒன்றை என் கையில் தந்தார். நான் யோசித்துப் பார்த்து, இந்த முறை மூடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிரப்பினேன். "ஓம்," என்று ஆமோதித்தார். அவ்வளவுதான் பயிற்சி.

வேலை சின்னதாகத் தெரியும், ஆனால் பிசகக் கூடாது. உப்பு, உரம் பார்க்கும் போத்தலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலச வேண்டும். கிருமி பார்க்கும் போத்தலை அலசவே கூடாது, அது ஏற்கெனவே அவித்துச் சுத்தமாக்கியது. பீலி என்றால், அதாவது ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாய் என்றால், அதன் வாயில் போத்தல் முட்டக் கூடாது. விழுகிற தண்ணீரை நடுவில் ஏந்த வேண்டும். கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் காற்றுக்கு இடம் விட வேண்டும். பெயரைப் பென்சிலால் எழுத வேண்டும், மை ஐஸில் கரைந்துவிடும். பெட்டியை மூடிவிட்டால் ஆய்வுகூடம் போகும் வரை திறக்கக் கூடாது.

திரும்பி வந்து ஏதாவது சொன்னால் டொக்டர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கண்டனீரோ, நினைச்சனீரோ?" பீலிக்கு மேலே மாட்டுக் கொட்டில் இருக்கிறது என்று சொன்னால், கண்ணால் கண்டதா, அப்படி இருக்கும் என்று நினைத்ததா என்று கேட்பார். நினைத்தது என்றால் திரும்பவும் ஏறிப் பார்க்க வேண்டும். நான் பல மலை அப்படி இரண்டு தடவை ஏறியிருக்கிறேன்.

இன்னொரு சட்டமும் இருந்தது. சோதிக்காத தண்ணீரைக் களத்தில் வாயில் வைக்கக் கூடாது. எனக்கு முன்னால் இருந்த உதவியாளர் ஒருவர் அப்படிக் குடித்து மாதக் கணக்கில் படுத்துவிட்டார். சோதித்து நல்லது என்று வந்தால் குடிக்கலாம். இந்தச் சட்டத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு எங்களைக் கவிழ்த்தது அதுதான்.

அந்தத் தோட்டம் புசல்லாவைக்கு மேலே இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே மஞ்சள் காமாலை பரவுகிறது, தண்ணீரைப் பாருங்கள் என்று தோட்டத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. இரண்டு லயம். மலையில் உயரத்தில் மேட்டு லயம், அதற்குக் கீழே, சரிவின் அடியில், பணிய லயம். பணிய என்றால் தோட்டத்துப் பேச்சில் கீழே என்று அர்த்தம். இரண்டு லயத்துக்கும் தனித்தனிப் பீலி. காமாலை வந்தது பெரும்பாலும் பணிய லயத்தில்.

மேட்டு லயத்தில் இருப்பவர்கள் பணிய லயத்து வீடுகளில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு லயத்துப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம் போகிறார்கள், ஒரே தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள். ஆனால் நான் பாதையில் ஏறும்போதே தெரிந்துகொண்டேன். பணிய லயத்தின் முதல் வீட்டில் ஒரு துடைப்பக் கட்டும் நீளக் கம்பியும் சாத்தியிருந்தன. எங்கள் வீட்டிலும் அதே இடத்தில்தான் அப்பா சாத்தி வைப்பார். டொக்டருக்கு அது தெரிய வழியில்லை. நான் சொல்லவும் இல்லை. சொன்னால் உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார் என்று பயந்தேன்.

முதல் நாள் இரண்டு பீலியிலும் மாதிரி எடுத்தோம். முடிவு தெளிவாக வந்தது. மேட்டுப் பீலித் தண்ணீர் காட்டு ஓரத்திலிருந்து வருகிறது, சுத்தம். பணிய பீலியில் மனிதக் கழிவுக் கிருமி இருக்கிறது.

இரண்டாம் தடவை முடிவைச் சொல்லப் போனோம். முதலில் மேட்டு லயத்தில் சங்கத் தலைவர் வீடு. வேலாயுதம் என்று பெயர், மரியாதையான மனிதர். கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணி வந்தது. டொக்டர் எடுத்துக் குடித்தார். "உங்கட தண்ணி நல்ல தண்ணி, பயப்பிடாமல் குடிக்கலாம்," என்றார். நானும் குடித்தேன். கிளாஸ் வாயில் இருக்கும்போதே அடுத்து நடக்கப் போவது எனக்குத் தெரிந்துவிட்டது. குடித்து முடித்தேன்.

அங்கிருந்து கீழே இறங்கினோம். தலைவர் வழி காட்ட வந்தார், பணிய லயத்து வாசல் வரை வந்து பாதையில் நின்றுகொண்டார். முதல் வீட்டில் பாக்கியம் என்ற அம்மா இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கொழுந்து பறிக்க மலைக்குப் போய்க் கறுத்த கை. அவருடைய மருமகள் தர்ஷினி வாசலில் உட்கார்ந்திருந்தாள், நிறைமாதத்துக்குக் கிட்ட. நாங்கள் வருவது தெரிந்து பாக்கியம் அம்மா முன்பே அடுப்பில் கேத்தலை வைத்திருக்க வேண்டும். பித்தளைச் செம்பில் தண்ணீரும் இரண்டு கோப்பையில் ஆவி பறக்கும் தேத்தண்ணியும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்.

டொக்டர், "வேண்டாம் அம்மா, இந்தத் தண்ணி சரியில்லை," என்றார். குரலில் ஒரு வெறுப்பும் இல்லை. ஆய்வுகூடத்தில் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

பாக்கியம் அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் எடுங்க தம்பி."

கொதித்த தேத்தண்ணியில் கிருமி இருக்காது. போத்தல் கழுவுகிறவனுக்கும் அது தெரியும். நான் அந்தக் கோப்பையை எடுத்திருக்கலாம். டொக்டர்கூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பாதையில் தலைவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவன் பணிய லயத்தில் குடிக்கிறானே, இவன் யார் என்று அவர் யோசித்துவிடுவாரோ என்ற நினைப்புத்தான் எனக்கு வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. "வேணாம்மா, எங்க ஆபிஸ் சட்டம்," என்றேன்.

அந்த அம்மா தட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே கொண்டுபோய்விட்டார்.

கெட்ட தண்ணீர் வரும் பீலியில் சிவப்புப் பெயின்டால் குறி போடுவது எங்கள் வழக்கம். பணிய பீலிக்கு மேலே இருந்த கல்லில் நான்தான் போட்டேன்.  கொதிக்க வைத்துக் குடியுங்கள், கொஞ்ச நாளைக்கு மேட்டுப் பீலியில் பிடியுங்கள் என்று டொக்டர் சொன்னார். தலைவர் பாதையில் நின்றபடியே, தாராளமாகப் பிடிக்கட்டும் என்றார். பணிய லயத்து ஆட்கள் அவரையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள், தலையாட்டினார்கள்.

மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம் கழித்து, மூன்றாம் தடவை நான் மட்டும் ஏறினேன். டொக்டர் தோட்டத்து ஆபிஸில் பேசப் போயிருந்தார். நான் பீலிக்குப் போனபோது கல்லில் சிவப்புக் குறி இல்லை. கல்லால் தேய்த்துச் சுரண்டியிருந்தார்கள். பீலிக்குக் கீழே குடங்கள் வரிசையில் இருந்தன. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எனக்காக விலகி நின்றார்கள். மாதிரி எடுத்தேன். தர்ஷினிக்குக் கண் மஞ்சளாகி, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன்.

பாக்கியம் அம்மா வாசலில் நின்றார். ஏன் இன்னும் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள், சொன்னோமே என்று கேட்டேன். கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று தெரிந்தும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எங்க தண்ணி ஆகாதுன்னு மேட்டு லயத்து ஆளுங்க எங்க மாமியா காலத்துலேர்ந்து சொல்றாங்க தம்பி. நீங்க இப்ப பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போயி, படிச்சவங்கள கூட்டியாந்து அதையே சொல்றீங்க. மேல குடிச்சீங்க. இங்க குடிக்கல. அப்புறம் செவப்பு வேற பூசிட்டுப் போனீங்க. நாங்க என்னன்னு நினைக்கிறது?"

மருமகளுக்குச் சுகமில்லாத நேரத்தில் இப்படிச் செய்யலாமா என்று ஏதோ சொன்னேன்.

"இந்தத் தடவ தண்ணி வேணுமான்னு கேக்க மாட்டேன். நீங்க சங்கடப்பட வேணாம்," என்றார்.

அப்படித்தான் நான் அந்தப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

தேயிலைக்கு நடுவில் ஒரு திருப்பத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பஸ் ஏறிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வழக்கம் போல. பெட்டியைச் சுனிலிடம் கொடுத்துவிட்டால் அது ஆய்வுகூடம் போய்ச் சேர்ந்துவிடும். கம்பளையோ பதுளையோ, எங்கேயாவது ஒரு கடை இருக்கும். அந்த நினைப்பு எனக்கு வருவது புதிது இல்லை. ஆனால் அந்தத் தடவை நான் எந்த ஊருக்குப் போனாலும், மேலே அந்தப் பெண்கள் குடத்தை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். நான் வாய் திறந்து ஒரு வரி சொல்லியிருந்தால் அவர்கள் நிறுத்தியிருப்பார்கள். ஐஸ் உருகும் என்ற ஞாபகம் வந்தது. எழுந்து நடந்தேன்.

வானில் டொக்டர் முன்சீட்டில் இருந்தார். பணிய பீலிக்குக் கழிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். மேட்டு லயத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய கக்கூஸ் குழிகள் இருக்கின்றன. அந்தக் குழிகளில் பச்சைச் சாயம் ஊற்றினால், அது மண்ணுக்குள் இறங்கிப் பணிய பீலியில் வருகிறதா என்று பார்க்கலாம். குழி எவ்வளவு ஆழம், அடியில் சீமெந்து போட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்குக் கொங்கிரீட் மூடியைப் பெயர்த்துத் திறக்க வேண்டும். தோட்டம் அனுமதி கொடுத்துவிட்டது. ஆள் கொடுக்கவில்லை. அந்த வேலைக்கு யாரும் வர மாட்டார்களாம். முன்பு செய்தவன் கொழும்புக்குப் போய்விட்டான். வெளியிலிருந்து ஆள் பிடிக்க ஒரு கிழமையாவது செல்லும் என்று டொக்டர் சொன்னார்.

"ஒரு கிழமை ஆகும்னா அவங்க அதுவரைக்கும் அதையேதான் குடிப்பாங்க டொக்டர்," என்றேன். பாக்கியம் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். பீலியில் குறி சுரண்டியிருப்பதையும் தர்ஷினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும் சொன்னேன்.

டொக்டருக்கு முதலில் புரியவில்லை. ஒரு ஊற்று சுத்தம், ஒன்று சுத்தமில்லை, அதில் இவர்களுக்கு என்ன கோபம் என்று கேட்டார். சுனில் வானை எடுக்காமல் இருந்தான். நான் மேட்டு லயத்தையும் பணிய லயத்தையும் பற்றிச் சொன்னேன்.

"இதைக் கண்டனீரோ, நினைச்சனீரோ?"

"எங்கப்பா வாசக்கூட்டி, டொக்டர். நாங்க இருந்ததும் பணிய லயந்தான். குழி மூடிய நான் திறக்கிறேன். எப்படித் திறக்கிறதுன்னு தெரியும்."

டொக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். 

"நான் அந்த மேல் வீட்டில தேத்தண்ணி குடிச்சனான்," என்றார். "யாழ்ப்பாணத்தில எண்டால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். இஞ்ச நான் போத்தலை மட்டும்தான் பாத்தனான். நீர் எனக்குப் பக்கத்தில நிண்டனீர். ஏன் சொல்லேல்ல?"

  எங்கள் இரண்டு பேரில் யார் அதிகம் வெட்கப்பட்டது என்று தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியாமல் நடந்தது, எனக்குத் தெரிந்தே நடந்தது. சுனில் வானை எடுத்தான். கண்டி போகும் வரை அவன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் எங்கள் அறிக்கையில் இருக்கிறது. சாயம் பணிய பீலியில் வந்தது. மேட்டு லயத்துக் குழிகளின் அடியில் வெறும் மண்தான் இருந்தது. குழிகளை இடம் மாற்றினார்கள். மேட்டு ஊற்றிலிருந்து இரண்டு லயத்துக்கும் பைப் போட்டார்கள். அறிக்கையில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தர்ஷினி பிழைத்து வந்தாள். பிள்ளை தங்கவில்லை. அந்த நோய் உடம்புக்குள் வந்து கிழமைக் கணக்கில் மறைந்திருந்துதான் வெளியே தெரியும், நாங்கள் முதல் நாள் அங்கே போகும் முன்பே அவளுக்கு அது தொற்றியிருக்கலாம் என்று டொக்டர் என்னைக் கூப்பிட்டு விளக்கினார். இருக்கலாம். நான் கோப்பையை மறுத்த பிறகு தொற்றியிருக்கவும் இடம் உண்டு. எதுவென்று எந்தப் போத்தலிலும் எடுத்துப் பார்க்க முடியாது. அந்தச் சந்தேகத்தோடுதான் அந்த வேலையில் கடைசி வரைக்கும் இருந்தேன். அதற்குப் பிறகு எந்த ஊருக்கும் பஸ் ஏறவில்லை.

வானில் அந்தப் பேச்சு நடந்த மறுநாள் காலை நாங்கள் மேட்டு லயத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது பனி விலகியிருக்கவில்லை. நான் கடப்பாரை, கயிறு, இரண்டு வாளி, ரப்பர் கையுறை கொண்டுபோயிருந்தேன். டொக்டர் சாயப் பொட்டலத்தைப் பிரித்து வாளித் தண்ணீரில் கரைத்தார். வேலாயுதம் தலைவர் ஓடி வந்து, ஆள் வரட்டும், நீங்கள் எதற்கு இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்று என் கையைப் பிடிக்கப் பார்த்தார். நான் கடப்பாரையை மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினேன். மூடியின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி, கல் ஒன்றைக் கொடுத்து, காற்றுப் போக விட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும். அவசரப்பட்டு முகத்தை நீட்டினால் மயக்கம் வரும். அப்பா அப்படித்தான் செய்வார். அவர் செய்வதைப் பார்க்கக் கூடாது என்று நான் மரத்துக்குப் பின்னால் போய் நிற்பேன். ஆனாலும் எல்லாம் கண்ணில் பட்டிருக்கிறது.

சத்தம் கேட்டு இரண்டு லயத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மேட்டு லயத்து ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தங்கள் வாசலில் நின்றார்கள். பணிய லயத்து ஆட்கள் கானுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். பாக்கியம் அம்மா வெறுங்குடத்தோடு முன்னால் வந்தார். நான் மூடியைக் கல்லில் நிறுத்தி வைத்துவிட்டு விலகி நின்றதைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"நீ எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். அதுவரை என்னை நீங்கள் என்றுதான் சொல்லியிருந்தார்.

சொன்னேன்.

"யாரு மகன்?"

"மாடசாமி மகன். வாசக்கூட்டி மாடசாமி."

தலைவர் பக்கத்தில்தான் நின்றார். கேட்டது. அவர் என் கையைப் பிடிக்க வந்தவர், இப்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

 பாக்கியம் அம்மாவின் மருமகள் அந்த நேரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார். "கோப்பையக்கூட எடுக்க வேணாம். வாயால ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க கேட்டிருப்போமே."

 டொக்டர் சாய வாளியை என்னிடம் நீட்டினார். குழிக்குள் ஊற்றினேன். பச்சைத் தண்ணீர் கறுப்பில் கலந்து இறங்கியது. அதைப் பார்த்த பாக்கியம் அம்மா, இது எங்கள் பீலியில் வருமா என்று டொக்டரிடம் கேட்டார்.

"வருமோ எண்டு நான் சொல்ல ஏலாது. நீங்கள்தான் அங்க நிண்டு பாத்துச் சொல்ல வேணும்."

"நானே நின்னு பாக்குறேன். அது வரைக்கும் யாரும் புடிக்க வேணாம்னு சொல்லிர்றேன்," என்று சொல்லிவிட்டு, பாக்கியம் அம்மா வெறுங்குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினார். பணிய லயத்துப் பெண்கள் அவருக்குப் பின்னால் போனார்கள்.

இன்னும் மூன்று குழி இருந்தது. கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மூடிக்குப் போனேன்.